பழைய சயன்ஸ் ஃபிக்‌ஷன் படங்களைப் பற்றி நாலு பேர் லைவ்ல கதைக்க என்ன வேணும்? (மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று)

கல்லடிக்காத்து:
சனிக்கிழமை இரவில ஒன்றரை மணித்தியாலம் யூடியூப் லைவ். விஷயம் பழைய சயன்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள். வந்த நேரம் பெரிசா ஓடாம, பிறகு தனியா ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்த படங்கள்தான் கூடுதலா வரும். நாலு பேர் கதைப்பம்: ரெண்டு பேர் மட்டக்களப்பு டவுன், ஒருத்தர் கல்முனை, ஒருத்தர் அக்கரைப்பற்று. ஒரு வீட்டில ஃபைபர் லைன் இருக்கு, அப்லோட் 10 எம்பிபிஎஸ் காட்டுது. மற்ற மூண்டு பேரும் 4ஜி. லெப்டொப் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்ல.

கேள்விகள்: டெஸ்ட் பண்ணினா எல்லார்ட குரலும் குழாய்க்குள்ள இருந்து வாற மாதிரி ரெட்டையாக் கேக்குது, ஏன்? படத்தையும் சேர்த்து ஓட விடலாமா? மாரிக்குக் கரண்ட் போனா என்ன செய்யிற? முதல் நிகழ்ச்சிக்கு எந்தப் படம்?

பாண்டிருப்பு_ஓடியோ:
முதல்ல சத்தம். படம் கொஞ்சம் உடைஞ்சாலும் சனம் இருக்கும், சத்தம் உடைஞ்சா ரெண்டு நிமிசத்தில எழும்பிப் போயிரும்.

உங்கட ரெட்டைக் குரலுக்கு அனேகமா ஒரே காரணம்தான். விருந்தாளிகளை விடிஓ நிஞ்சா (பிரவுசருக்குள்ளயே ஓடுற வீடியோ கோல்) மாதிரி ஒண்டால கூப்பிட்டு, ஓபிஎஸ்ல (லைவ் அனுப்புற மென்பொருள்) பிரவுசர் சோர்ஸா, அதாவது ஓபிஎஸ்குள்ளயே திறக்கிற வலைப்பக்கமாப், போட்டிருப்பீங்க. அதே அறையைக் குரோம்லயும் திறந்து வச்சுக் கேட்டுக்கொண்டு இருப்பீங்க. ஓபிஎஸ் ரெண்டையும் பிடிக்குது: பிரவுசர் சோர்ஸ் ஒரு தரம், 'டெஸ்க்டொப் ஓடியோ' இன்னொரு தரம். ரெண்டுக்கும் இடையில கொஞ்ச மில்லி செக்கன் வித்தியாசம் வர, குழாய்ச் சத்தம் வந்திரும். செட்டிங்ல ஓடியோ பக்கத்துக்குப் போய் டெஸ்க்டொப் ஓடியோவை 'டிசேபிள்' பண்ணுங்க. அப்படியே சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கா எண்டும் பாருங்க.

குரல் பத்துப் பதினைஞ்சு செக்கன் பிந்தித் திரும்பி வந்தா அது வேற வியாதி. யாரோ ஒருத்தர் யூடியூப் பக்கத்தை மியூட் பண்ணாமத் திறந்து வச்சிருக்கிறார்.

நாலு பேரும் வயர் ஹெட்செட் போடுங்க. புளூடூத் வேணாம். அதில மைக் வேலை செய்யத் தொடங்கின உடனே ஹெட்செட் டெலிபோன் தரத்துக்கு இறங்கிரும், மைக்கும் கேக்கிறதும் ரெண்டும் மங்கும். ஸ்பீக்கர்ல கேட்டுக் கதைச்சா எதிரொலியை வெட்டுற மென்பொருள் வேலை செய்யும்தான், ஆனா ரெண்டு பேர் ஒரே நேரம் வாயைத் திறந்தா ஒருத்தர்ட சொல்லை முழுங்கிரும். சினிமா கதைக்கிற இடத்தில அது நிமிசத்துக்கு ஒருக்கா நடக்கும்.

மைக் வாயில இருந்து நாலு விரல் தூரம், நேர முன்னுக்கு இல்லாம ஒரு பக்கமாச் சரிச்சு. ஓபிஎஸ்ட சத்த மீட்டர்ல உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில நிக்கணும். ஃபில்டர் இந்த ஒழுங்கில: நொய்ஸ் சப்ரெஷன் (இரைச்சலை எடுக்கிறது, அதில ஆர்என்நொய்ஸ் எண்டதைத் தெரியுங்க), கம்பிரஸர் (கூடின சத்தத்தையும் குறைஞ்ச சத்தத்தையும் கிட்டக் கொண்டு வாறது), கடைசியா லிமிட்டர் (உச்சத்தைத் தாண்ட விடாதது). ஃபேன் இரைச்சலை ஆர்என்நொய்ஸ் நல்லாவே எடுக்கும். தகரக் கூரையில, அஸ்பெஸ்டஸ் சீற்றில மழை கொட்டினா அது தோத்துப் போகும், குரல் தண்ணிக்குள்ள கதைக்கிற மாதிரி வரும். அதுக்கு ஃபில்டர் தேடாதீங்க. மேல்தட்டு போட்ட அறைக்கு மாறுங்க, சுவரோட ஒரு மெத்தையைச் சாத்தி வைங்க.

வீடியோ: 720பி, 30 ஃபிரேம், சிபிஆர் (ஒரே அளவாப் போற பிட்ரேட்) 3000 கேபிபிஎஸ், ஓடியோ 128, கீஃபிரேம் (முழுப் படமாப் போற ஃபிரேம்) 2 செக்கனுக்கு ஒண்டு. என்கோடர் (வீடியோவைச் சுருக்கிறது) குயிக்சிங்க் எடுங்க, உங்கட ஐ5க்கு அது உள்ளேயே இருக்கு. 90 நிமிசத்துக்கு ஏறத்தாழ 2.1 ஜிபி அப்லோட் போகும். விருந்தாளிகளோட போக்குவரத்து இதுக்கு மேலதிகம்.

விடிஓ நிஞ்சாவில ஒவ்வொருத்தரும் மற்ற மூண்டு பேருக்கும் தனித்தனியா வீடியோ அனுப்புவாங்க. 4ஜி அப்லோட் அதிலதான் மூச்சுத் திணறும். 4ஜிக்காரர் மூண்டு பேரும் குரல் மட்டும் அனுப்பட்டும். முகத்துக்குப் பதிலா ஒரு படம் போட்டாக் காணும்.

அக்கரைப்பற்று நானா:
ஓபிஎஸ்ட ஸ்டாட்ஸ் பெட்டியைத் திறந்து வைங்க தம்பி. மூண்டு எண் இருக்கு. 'டிரொப்ட் ஃபிரேம்' ஏறினா லைன் பிரச்சினை, பிட்ரேட்டைக் குறைங்க. என்கோடிங் லேக் ஏறினா லெப்டொப் பிரச்சினை. ரெண்டரிங் லேக் எண்டா கிராபிக்ஸ் திணறுது, தேவையில்லாத குரோம் டேப் எல்லாத்தையும் மூடுங்க. எந்த எண் ஏறுதெண்டு பாக்காம எல்லா செட்டிங்கையும் மாத்தாதீங்க.

இன்னொண்டு, கம்பியூட்டர்ல இருந்து லைவ் போகப் போன் நம்பரை உறுதிப்படுத்தணும். முதல் தரம் 24 மணித்தியாலம் வரை எடுக்கும். சனிக்கிழமை பின்னேரம் போய் அமத்தினா அண்டைக்கு லைவ் இல்ல. போன் ஆப்ல போறதெண்டா 50 சந்தாதாரர் இருக்கோணும்.

பழையசுருள்:
படத்தை ஓட விடலாமா எண்டா: வேணாம். டிரெயிலரும் வேணாம். யூடியூப்ட கன்டென்ட் ஐடி (மற்றவங்கட படம், பாட்டைத் தானாக் கண்டுபிடிக்கிற மெசின்) லைவ் போய்க்கொண்டு இருக்கேக்குள்ளயே பொருத்திப் பாக்கும். மாட்டினா உங்கட படத்துக்குப் பதிலா ஒரு அறிவிப்புப் படத்தை வைக்கும், இல்லாட்டி லைவையே நிப்பாட்டும். எங்கட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கு, ஆனா அந்த மெசின் சட்டம் வாசிக்காது.

"இது பொதுவுடைமைப் (காப்புரிமை முடிஞ்ச) படம்தானே" எண்டு நம்பியும் போகாதீங்க. ஜெர்மன் மௌனப் படம் மெட்ரோபொலிஸ் (1927) அமெரிக்காவில 2023 ஜனவரி 1 தொடக்கம் பொதுவுடைமை, ஜெர்மனியில இன்னும் இல்ல. நீங்க தரவிறக்கிற பிரதியில ஓடுற இசைப் பதிவு புதுசா இருந்தா அதுக்கு வேற சொந்தக்காரர். மௌனப் படத்திலயும் கூடுதலா மாட்டுறது இசைதான்.

வழி இதுதான்: படத்தை ஒவ்வொருத்தரும் தங்கட இடத்தில போடட்டும், நீங்க மேல கதையுங்க. "மூண்டு, ரெண்டு, ஒண்டு, ப்ளே" எண்டு எண்ணுங்க. லைவ் பத்து செக்கன் பிந்தினாலும் பரவாயில்ல, பாக்கிறவர் உங்கட எண்ணலைக் கேட்டுத்தானே அமத்துறார், குரலும் படமும் அவருக்குப் பொருந்தும். ஆனா இடையில அவர்ட லைவ் ஒருக்கா நிண்டு ஓடினா விலகிரும். அதால ஓடுற நேரத்தைத் திரையில காட்டுங்க. உங்கட பிரதியை விஎல்சி பிளேயர்ல மியூட்ல ஓட விட்டு, ஓபிஎஸ்ல விண்டோ கெப்சர் (அந்த ஜன்னலை மட்டும் பிடிக்கிறது) எடுத்து, கீபோர்ட்ல ஓல்ட் (Alt) விசையை அமத்திக்கொண்டு ஓரத்தை இழுத்து நேர எண்ணை மட்டும் மிச்சம் விட்டு வெட்டுங்க. படம் ஒரு துண்டும் தெரியாது, மணிக்கூடு மட்டும் தெரியும்.

எல்லாரும் ஒரே பதிப்பைத்தான் போடுறாங்களா எண்டதை முதலே உறுதிப்படுத்துங்க. மெட்ரோபொலிஸுக்கே 2001 பதிப்பு 124 நிமிசம். 2008ல புவனஸ் ஐரிஸ்ல கிடைச்ச சுருளைச் சேர்த்த 2010 பதிப்பு ஏறத்தாழ 148 நிமிசம். 1984ல ரொக் பாட்டுப் போட்டு வந்தது 80 நிமிசத்துக்குக் கிட்ட. அதோட பழைய ஐரோப்பிய டிவிடி பிரதிகள் 24 ஃபிரேமை 25 ஆக்கி ஓட்டும். நிமிசத்துக்கு 2.4 செக்கன் முந்தும், 100 நிமிசப் படம் 96ல முடியும். "எனக்கு முதலே வெடிச்சிட்டு" எண்டு லைவ் சட்ல ஒருத்தர் எழுதினா, அவர்ட பிரதி அதுதான்.

கல்லடிக்காத்து:
நன்றி நானா, நன்றி எல்லாருக்கும். டெஸ்க்டொப் ஓடியோதான், நிப்பாட்டின உடனே சரியாப் போச்சு. கரண்டும் முதல் படமும்தான் மிச்சம். சட்ல நாலஞ்சு பேர் சயன்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோட தொடங்கச் சொல்றாங்க, 1956ல இருந்து சாகும்வரை இலங்கையில இருந்தவர் எண்டு.

மின்னல்_வாழைச்சேனை:
ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ். வாங்க முதல் அடப்டர்ட முதுகை வாசிங்க: 1 அம்பியரா 1.5 அம்பியரா, பின் உள்ளுக்குப் பிளஸா. 10,400 எம்ஏஎச் எண்டு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்கு, உண்மையில 38 வாட் அவர். பெட்டி 10 வாட் இழுத்தா, மாத்திற இழப்புப் போக மூண்டு மணித்தியாலம் தாங்கும். கடைக்காரர் எட்டு மணித்தியாலம் எண்டு சொன்னா சிரிச்சிட்டு வாங்குங்க.

ஐப்பசி கார்த்திகையில பின்னேர இடிதான் கரண்ட் வெட்டை விட மோசம். ஃபைபர் வயரால மின்னல் வராது, அடப்டரால வரும். வானம் கறுத்தாச் சுவர்ப் பிளக்கைக் கழட்டிட்டு மினி யூபிஎஸ்லயும் லெப்டொப் பட்டரிலயும் ஓட்டுங்க.

லைன் போனா போனை யூஎஸ்பி வயரால லெப்டொப்புக்குக் குடுங்க, ஓபிஎஸ் தானா மறுபடி இணைக்கும். இது வேலை செய்யணும் எண்டா யூடியூப் ஸ்டூடியோவில 'ஓட்டோ ஸ்டொப்' நிப்பாட்டி இருக்கோணும். அது போட்டிருந்தா, லைன் அறுந்து கொஞ்ச நேரத்தில யூடியூப் நிகழ்ச்சியையே முடிச்சு வச்சிரும். நீங்க திரும்பி வரேக்க வாசலே இராது. கனபேர் கவனிக்காத செட்டிங் இது.

பழையசுருள்:
கிளார்க்கோட தொடங்காதீங்க. இலங்கையில யார் தொடங்கினாலும் அங்கதான் தொடங்குறாங்க, மூண்டாம் மாசம் எடுங்க.

முதல் நிகழ்ச்சிக்குக் குறும்படம் நல்லம். பிரெஞ்சுக்காரர் மெலியஸின் நிலவுப் பயணம் (1902) ஏறத்தாழக் கால் மணித்தியாலத்தில முடியும். அந்தக் காலத்திலயே இதைப் போடேக்க பக்கத்தில ஒருத்தர் நிண்டு கதை சொல்றதுண்டு, அதால மேல கதைக்கிறது இதுக்குக் குறை இல்ல. அடுத்தது லா ஜெட்டே (1962), 28 நிமிசம், ஒரேயொரு இடத்தைத் தவிர முழுக்க அசையாத புகைப்படங்கள். நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைக்கலாம். ஸ்டாக்கரை (1979) எடுத்த உடனே போடாதீங்க. ரெண்டே முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட, ஒன்றரை மணித்தியால நிகழ்ச்சி அதைத் தாங்காது. அதை எடுத்த ரஷ்ய ஸ்டூடியோ மொஸ்ஃபில்ம் தன்ட யூடியூப் சனல்ல தன்ட படங்களை அதிகாரபூர்வமாப் போடுது, பாக்கிறவங்களுக்கு அந்த லிங்கைக் குடுத்துப் பாத்திட்டு வரச் சொல்லி, மறு கிழமை கதையுங்க.

ஆனா உங்கட சனத்தைப் பிடிச்சு இருத்தப் போறது தமிழ்ப் படம்தான். கலை அரசி (1963): எம்ஜிஆர், பானுமதி, பாட்டுச் சொல்லிக் குடுக்க ஆளைக் கடத்திக்கொண்டு போற வேற்றுக் கிரகவாசிகள். காடு (1952): சேலம் மொடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்க லிப்பர்ட் கம்பனியும் சேர்ந்து எடுத்தது, காட்டில மம்மத யானைகள். இந்த ரெண்டையும் நையாண்டி பண்ணுறது லேசு. அந்தக் காசில, அந்தக் கமராவில அந்தக் காட்சியை எப்படி எடுத்தாங்க எண்டு கதைச்சாத்தான் ஒன்றரை மணித்தியாலம் நிக்கும். பாட்டை மட்டும் லைவ்ல போடாதீங்க, வாயால முணுமுணுக்கிறதோட நிப்பாட்டுங்க.

அக்கரைப்பற்று நானா:
நேரம் 8.30 வைங்க. இஷா தொழுகை முடிஞ்சிரும், கோயில் சடங்குக் காலத்தில மட்டும் ஒலிபெருக்கிக்குத் தள்ளிப் போடவேண்டி வரும். இங்க 8.30 எண்டா லண்டன்ல கோடையில பின்னேரம் 4, டொரன்டோவில காலமை 11. மாரியில ரெண்டு இடத்திலயும் ஒரு மணித்தியாலம் முந்தும், அறிவிப்பில அதை மாத்த மறக்காதீங்க. லைவ் சட் பாக்க ஒருத்தரைத் தனியா விடுங்க. கதைக்கிற ஆள் சட் வாசிக்கத் தொடங்கினாப் பேச்சு அந்த இடத்திலயே அறுந்திரும். அந்த ஆள் கேள்வியைப் பொறுக்கி வாட்ஸப்ல அனுப்பினாக் காணும்.