நாலு சேர்ந்தால் பசு

குழு: பெரிய வீடு

செவ்வாய்க்கிழமை

தனம், இரவு 8:41
எல்லாரும் சாப்பிட்டாச்சா? ஒரு விஷயம், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம் கவினுடைய வகுப்பு டீச்சர் இன்று போன் செய்தார். மேசை மேல் நாலு பாசிமணியை வைத்து எத்தனை என்று கேட்டாராம். மற்ற பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று தொட்டுத் தொட்டு எண்ணினார்களாம். இவன் எண்ணவே இல்லையாம். பார்த்ததும் "பசு" என்று கத்தினானாம்.

தனம், 8:42
வகுப்பே சிரித்துவிட்டது. இவன் அழுதுவிட்டான். டீச்சர் திட்டவில்லை, "வீட்டில் ஏதாவது மாட்டுப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

செந்தில், 8:45
மதினி, கோபப்படாதீர்கள். இதற்குத்தான் போன வருஷமே இங்கிலீஷ் மீடியத்தில் போடச் சொன்னேன். அந்தப் பள்ளியில் எப்போது பார்த்தாலும் பாட்டு, பொம்மை, கதை. ஒரு நாளாவது வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்களா?

ராசு மச்சான், 8:46
(படம்: ரோஜாப்பூ, "இனிய இரவு வணக்கம்")

முருகேசன், 8:47
மச்சான், கொஞ்சம் பொறுங்கள். இங்கே பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்பத்தா, 8:53
(குரல் பதிவு, 0:52)

செந்தில், 8:54
மீட்டிங்கில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்.

யாழினி, 8:58
மாமா, அம்மாச்சி சொன்னது அப்படியே: "அடியே தனம், பிள்ளை சரியாகத்தானே சொல்லியிருக்கிறான். நாலு சேர்ந்தால் பசு இல்லாமல் எருமையா? சாயங்காலம் நானும் அவனும் பல்லாங்குழி ஆடுகிறோம். குழியில் நாலு முத்து சேர்ந்தால் பசு, அள்ளிக்கொள்ள வேண்டும். அந்த டீச்சர் பிள்ளை எந்த ஊர்? அவளுக்குப் பல்லாங்குழி தெரியாதா?"

தனம், 8:59
ஐயோ! எனக்கு ஓடவே இல்லை அத்தை. நான் விளையாடியே இருபது வருஷம் ஆகிறது.

கலா, 9:10
இப்போதுதான் பார்த்தேன். தனம், நீ கவலைப்படுகிறாய், நான் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் இது வரவேண்டும் என்றுதான் நாங்கள் பாடாய்ப் படுகிறோம். மூன்று, நாலு பொருளை விரல் விட்டு எண்ணாமல் ஒரே பார்வையில் இத்தனை என்று சொல்வது பெரிய விஷயம். அது வந்த பிள்ளைக்குக் கூட்டல் சீக்கிரம் பிடிபடும். உன் மகனுக்கு அது வந்தாயிற்று, பெயர்தான் பசு.

கலா, 9:12
பலகையில் 14 குழி. குழிக்கு 5 முத்து என்றால் 70. ஒவ்வொரு குழியாக ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது எண்ணிக்கை. எதிராளி குழியில் எத்தனை கிடக்கிறது, என் கையில் இருப்பது எங்கே போய் முடியும் என்று பார்ப்பது மனக்கணக்கு. புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுத்துப் போட்டுப் பழகினால்தான் பென்சில் பிடிக்கக் கைக்குத் தெம்பு வரும். அம்மா தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, ஒரு வகுப்பே நடத்தியிருக்கிறாள்.

அப்பத்தா, 9:14
(குரல் பதிவு, 0:09)

யாழினி, 9:15
"தெரிந்துதான் செய்தேன்" என்கிறார் 😄

செந்தில், 9:31
மீட்டிங் முடிந்தது. சரி அக்கா, பசு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்து? என் மகளுக்கு அஞ்சு வயசுதான். ஏ முதல் இசட் வரை தினம் மூன்று தடவை எழுதுகிறாள்.

கலா, 9:33
அழாமல் எழுதுகிறாளா?

செந்தில், 9:38
...கொஞ்சம் அழுவாள்.

கலா, 9:42
தம்பி, 2018இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது சி.பி.எஸ்.இ. பள்ளிகள் மேல் போட்ட வழக்கு. இருந்தாலும் கவினுக்கு வீட்டுப்பாடம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லாதே. பாட்டும் பொம்மையும் அந்த டீச்சர் சோம்பலுக்குச் செய்வது இல்லை. 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடமே அப்படித்தான். கொரோனா சமயத்தில் பள்ளி மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்துபோனார்களே, அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிப்பார்கள்.

தனம், 9:46
செந்தில், இன்னொன்றும் சொல்கிறேன். மில் வண்டி அஞ்சரைக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லும் பள்ளியின் வேன் ஏழேகாலுக்கு. நடுவில் அத்தை ஒருவராக எழுப்பி, குளிப்பாட்டி, சமைத்து, ஊட்டி அனுப்ப வேண்டும். இங்கே காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் ஊர்ப் பள்ளிக்கும் அது வந்த பிறகுதான் நான் நிம்மதியாக வண்டி ஏறுகிறேன். புதன்கிழமை பொங்கல் என்றால் இவன் தானாகவே எழுந்துவிடுவான்.

செந்தில், 9:47
சரி மதினி. அது எனக்குத் தோன்றவில்லை.

முருகேசன், 9:55
எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. நான் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். "இன்று என்ன படித்தாய்?" என்றால் "ஒன்றுமில்லை" என்று ஓடிவிடுகிறான். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் என்னதான் செய்வது?

கலா, 9:58
நீ சூப்பர்வைசர் மாதிரி கேட்டால் அவன் ஓடத்தான் செய்வான். உனக்குத் தெரியாத ஒன்றை அவனிடம் கேள். இல்லையென்றால் நீ ஒன்றைச் சொல். கம்பெனியில் இன்று எந்த நிறத் துணி வந்தது, பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள், எதுவாக இருந்தாலும் சரி. அப்பா வாயிலிருந்து கேட்கும் சொல்தான் பிள்ளைக்குச் சேமிப்பு.

புதன்கிழமை

முருகேசன், இரவு 7:20
(படம்: பேருந்து முகப்புப் பலகை, "பல்லடம்")
(படம்: "காங்கேயம்")
(படம்: "தாராபுரம்")
தனம், இதை அவனிடம் காட்டு. அப்பா எந்த பஸ்ஸில் ஏறினால் வீட்டுக்கு வரலாம் என்று கேள்.

தனம், 7:48
முதலில் பல்லடம் என்றான். "ப தெரியும், பட்டம் ப" என்றான். அந்தப் பஸ்ஸில் ஏறினால் அப்பா வேறு ஊருக்குப் போய்விடுவார் என்றேன். ஒரே சிரிப்பு.

முருகேசன், 8:05
(படம்: "ஒட்டன்சத்திரம்")

தனம், 8:21
இதைக் கேளுங்கள். தாராபுரத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் "அம்மா, ரெண்டு ஊருக்கும் வால் ஒண்ணு" என்கிறான். எனக்குப் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினான். ரம். ரம்.

கலா, 8:23
அடடா!

முருகேசன், 8:24
நான் பத்து வருஷமாக அந்த இரண்டு ஊர் வழியாகத்தான் வந்து போகிறேன். ஒரு தடவைகூட இது என் கண்ணில் பட்டதில்லை.

ராசு மச்சான், 8:30
அப்படியானால் வேதாரண்யத்துக்கும் காங்கேயத்துக்கும் யம்.

யாழினி, 8:31
அப்பா, நீங்கள் ரோஜாப்பூ இல்லாமல் அனுப்பிய முதல் மெசேஜ் இது.

வியாழக்கிழமை

தனம், மாலை 6:15
நாளை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் வரவேண்டும் என்று துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நாளை எனக்குப் பகல் ஷிப்ட். பாதியில் வந்தால் ஒரு நாள் சம்பளமே போய்விடும்.

அப்பத்தா, 6:19
(குரல் பதிவு, 0:06)

யாழினி, 6:20
"நான் போகிறேன்."

செந்தில், 6:22
அம்மாவா? அங்கே போய் என்ன பேசுவாள்?

கலா, 6:27
உன்னைவிட நன்றாகப் பேசுவாள். 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஆனால் பல ஊர்களில் நாலு பேர்தான் வருகிறார்கள், நோட்டில் மட்டும் எல்லார் கையெழுத்தும் இருக்கும். உறுப்பினர் இல்லையென்றாலும் எங்கள் ஊரில் பாட்டிமார் வந்து உட்கார்ந்து கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். அம்மா, பசு கதையை டீச்சரிடம் நீயே சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை

முருகேசன், மாலை 5:02
அம்மா வந்துவிட்டாளா? என்ன ஆயிற்று?

அப்பத்தா, 5:40
(குரல் பதிவு, 4:11)

செந்தில், 5:41
நாலு நிமிஷமா! யாழினி, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

யாழினி, 6:12
கை வலிக்கிறது மாமா, சுருக்கித்தான் எழுதுகிறேன். அம்மாச்சி பல்லாங்குழிப் பலகையையே சேலையில் சுற்றி எடுத்துப் போனாராம்! டீச்சருக்கு அது தெரியவே தெரியாதாம். அம்மாச்சி எதிரே உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாராம். டீச்சர் தோற்றுவிட்டார். இனி வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பீரியட் வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பலகை ஒன்றுதான், அதனால் தரையில் சாக்பீஸால் குழிக்குப் பதில் வட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாம்.

யாழினி, 6:14
அப்புறம் முக்கியமானது. கை கழுவும் குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லையாம். எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, டவுசரில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறார்களாம். அம்மாச்சி இதைக் கூட்டத்தில் கேட்டாராம். "நாங்கள் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை பாட்டி" என்றாராம் தலைமையாசிரியர். குழாய்க்கு முன்னால் ஒரு படி கட்ட வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதிவிட்டார்கள்.

தனம், 6:20
ஜூன் மாதத்திலிருந்து இவன் ஏன் சட்டையெல்லாம் சாம்பாரோடு வருகிறான் என்று நானும் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கலா, 6:22
அம்மா, கவினைப் பற்றி டீச்சர் என்ன சொன்னார்? அதைச் சொல்லவே இல்லையே.

அப்பத்தா, 6:30
(குரல் பதிவு, 0:41)

யாழினி, 6:33
"நன்றாகக் கதை சொல்கிறானாம். க-வையும் ச-வையும் மாற்றி எழுதுகிறானாம், அது போகப் போகச் சரியாகும், அடிக்க வேண்டாம் என்றாள். பதிமூன்றைத் தாண்டும்போது பதினாலை விட்டுவிட்டுக் குதிக்கிறானாம். ராத்திரி படியேறும்போது ரெண்டு பேரும் எண்ணிக்கொண்டே ஏறுங்கள் என்றாள். நம் வீட்டில் ஏது மாடிப்படி? கோயில் படியில் ஏறிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

செந்தில், 6:41
அம்மா, நோட்டில் கையெழுத்துப் போட்டாயா?

அப்பத்தா, 6:44
(குரல் பதிவு, 0:17)

யாழினி, 6:45
"கைநாட்டு வைத்தேன். உன் மகன் பேர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பின்னாலேயே வருகிறான் முருகேசா. முதலில் அவன் பதினாலைக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம்."

செந்தில், 9:50
அக்கா, தனியாகக் கேட்க நினைத்தேன், பரவாயில்லை, இங்கேயே கேட்கிறேன். சென்னையில் பல்லாங்குழிப் பலகை எங்கே கிடைக்கும்? இன்று பாப்பாவை எழுத வைக்கவில்லை. இரண்டு பேரும் மொச்சை உரித்தோம். நாலு நாலாகக் கூறு வைக்கிறாள்.

கலா, 9:52
பலகைக்கு ஏன் அலைகிறாய்? முட்டை அட்டை இரண்டை வெட்டிச் சேர்த்தால் 14 குழி வந்துவிடும்.

தனம், 9:58
(படம்: திண்ணையில் சாக்பீஸ் எழுத்து)
இதை இப்போதுதான் பார்த்தேன். தூங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கிறான். என்ன என்று கேட்டதற்கு "அப்பா வர்ற ஊரு" என்றான்.

முருகேசன், 10:03
பெரிதாக்கிப் பார்த்தேன். கவிபுரம். ன் விட்டுவிட்டான்.

தனம், 10:04
வால் மட்டும் சரியாக இருக்கிறது.

முருகேசன், 10:06
நாளை ராத்திரி கண்டக்டரிடம் கவிபுரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்கப் போகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.