ஆக்சிலரேட்டரை மூடியபின்னும் சுற்று இறங்காத 125 சிசி டூ ஸ்ட்ரோக்: பெரிய ஜெட் போட்டால் தீருமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 125 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிர்விக்கப்படும் டூ ஸ்ட்ரோக் ஸ்போர்ட்ஸ் பைக். ரீட் வால்வும் (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு) எக்ஸாஸ்ட் பக்கத்தில் பவர் வால்வும் உண்டு. எனக்கு முன்பு இரண்டு பேர் கையில் இருந்த வண்டி. நான் வாங்கி ஆறு மாதமாகிறது, ஏறத்தாழ 3,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். ஆயில் பம்பை முந்தைய உரிமையாளர் கழற்றிவிட்டதால், நல்ல செயற்கை 2டி ஆயிலை 50-க்கு 1 என்ற அளவில் நானே பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறேன்.

ஒரு மாதமாக ஐடிலிங் நிலையாக நிற்பதில்லை. 1,400 சுற்றில் வைத்தால், இன்ஜின் சூடானதும் தானாக 2,500 வரை ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடினாலும் சுற்று உடனே விழாமல் சில நொடிகள் அங்கேயே தொங்கிவிட்டு மெதுவாக இறங்குகிறது. கேபிள் சிக்குகிறதோ என்று எண்ணி மாற்றினேன், பயனில்லை. போன வாரம் நீண்ட நேரான சாலையில் 9,000 சுற்றில் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ பின் பிரேக்கை மெல்லப் பிடித்ததைப் போல வண்டி கனத்தது. கிளட்சைப் பிடித்தேன், இன்ஜின் நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. வீடு வரை 5,000 சுற்றைத் தாண்டாமல் வந்தேன். இப்போது கம்ப்ரஷன் குறைந்ததுபோல் தோன்றுகிறது, மேல்பகுதியில் இலேசான தகடு ஆடும் ஓசையும் கேட்கிறது.

பெட்ரோல் போதாமல் லீன் ஆகியிருக்கிறது என்று நினைத்து, மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு துண்டு) இரண்டு அளவு பெரிதாக்கி, ஆயிலையும் 30-க்கு 1 என்று கூட்டிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த அளவு ஜெட் சரியாக இருக்கும்? வேலைக்குப் போகத் தினமும் இந்த வண்டிதான். விடுமுறை வரும்வரை மெதுவாக ஓட்டலாமா?

முதல் பதில்

தயவுசெய்து இனி அதைக் கிளப்ப வேண்டாம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வதற்குக் காரணம், பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டர் சுவரை ஒருமுறை பிடித்து விடுபட்ட இன்ஜினில் சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருக்கும் என்பதுதான். அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தத் தழும்பை ரிங் வழியாகப் பெரிதாக்கும். இன்று ஒரு பிஸ்டனோடு முடியக்கூடிய செலவு நாளை சிலிண்டரையும் கிராங்க்கையும் சேர்த்துக் கேட்கும்.

நீங்கள் இரண்டு கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் என் கணிப்பில் அது ஒன்றுதான். ஐடிலில் சுற்று தொங்குவது, கார்புரேட்டர் வழியாக வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்பதற்கான மிகப் பழைய அடையாளம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸே பம்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. கிராங்க் ஆயில் சீலோ, கார்புரேட்டரை இணைக்கும் ரப்பரோ, ரீட் வால்வின் கேஸ்கட்டோ சற்றே விட்டுக்கொடுத்தால் போதும், பெட்ரோலும் ஆயிலும் இல்லாத வெறும் காற்று அந்த வழியாக நுழைந்துவிடும். ஆக்சிலரேட்டரை மூடியிருக்கும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அந்தக் கசிவு பெரும் பங்காகி ஐடிலில் தெரிகிறது. திறந்து ஓட்டும்போது அதன் பங்கு சிறிதாகி நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, ஆனால் வெப்பம் மிக அதிகமாக இருப்பது அப்போதுதான்.

ஜெட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன். வண்டி கனத்த அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருந்தது? சீரான ஓட்டம் என்று எழுதியிருப்பதால் பாதிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மெயின் ஜெட் அங்கே பெரிதாகப் பேசவே இல்லை. முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான் அதன் ஆட்சி முழுமையாகும். அதற்குக் கீழே நடுப்பகுதியில் கலவையைத் தீர்மானிப்பது, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் கார்புரேட்டர் ஊசியும் அதன் கிளிப் நிற்கும் பள்ளமும். மெயின் ஜெட்டை இரண்டு அளவு ஏற்றினால் முழு வேகத்தில் வண்டி திணறும், பிஸ்டன் பிடித்த இடத்தில் நிலைமை ஏறக்குறைய மாறாமலே இருக்கும், நீங்களோ பாதுகாப்பாகிவிட்டோம் என்று நம்புவீர்கள்.

வேறொருவரின் பதில்

ஆயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறைப் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், 30-க்கு 1 என்றால் சுமார் 33 மி.லி. ஜெட் வழியாகப் போவது பெட்ரோல் அன்று, கலந்த திரவம். அதில் ஆயில் பங்கு கூடினால் எரியும் பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறையும், திரவமும் சற்றுக் கெட்டியாகும். ஆகவே ஆயிலைக் கூட்டுவது கலவையை ரிச் (பெட்ரோல் மிகுந்தது) ஆக்காது. சிறிதளவேனும் லீன் பக்கமே தள்ளும். ஆயில் விகிதத்தை மாற்றுவதானால் ஜெட்டையும் அதற்கேற்ப மறுபடி பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் எடையில் ஏறத்தாழ 3.5 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் அதே இன்ஜின் கொஞ்சம் லீனாகத்தான் ஓடும். பழைய ரப்பர் பாகங்களுக்கும் அது நல்லதன்று.

மற்றொரு பதில்

பவர் வால்வையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்பது என் கருத்து. யமஹாவின் ஒய்பிவிஎஸ், ஹோண்டாவின் ஆர்சி வால்வு, சுசுகியின் ஏஇடிசி, ரோடாக்ஸின் ரேவ் என்று பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்றே: குறைந்த சுற்றில் எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல் விளிம்பைத் தாழ்த்தி வைத்து, சுற்று ஏறியதும் அதை முழுவதும் திறந்துவிடுவது. கரி படிந்து அது பாதியில் சிக்கிக்கொண்டால் வண்டி மேலே இழுக்காது.

இந்த இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வெறும் புகைக்குழாய் அன்று, இன்ஜினின் ஓர் உறுப்பு என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன், குழாயில் திரும்பி வரும் அழுத்த அலையைக் கொண்டு, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும் முறையைத் தேர்ந்த கலையாக்கினார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறனை, அதாவது லிட்டருக்கு 200 என்ற கணக்கை எட்டியது. அதே ஆண்டில் அந்த வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. நம் வண்டிகளின் வயிறு பெருத்த அந்தக் குழாய் அந்த வழியில் வந்ததுதான். எனவே குழாயில் நசுங்கல் இருக்கிறதா, சிலிண்டரோடு சேரும் இடத்தில் கசிகிறதா என்று பாருங்கள்.

முதலில் பதில் எழுதியவர்

பவர் வால்வைச் சுத்தம் செய்வது நல்லதே. எப்படியும் அதைக் கழற்றத்தான் போகிறார். ஆனால் அது சிக்கியிருந்தால் ஐடிலில் சுற்று தொங்காது, பாதி ஆக்சிலரேட்டரில் பிஸ்டனும் பிடிக்காது. முதலில் காற்றுக் கசிவை உறுதி செய்துகொள்வோம்.

எக்ஸாஸ்ட்டைக் கழற்றித் துவாரம் வழியாக விளக்கடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் நெடுக்குக் கோடுகள் இருந்தால் அது அதிக வெப்பம் அல்லது லீன் கலவையின் வேலை. சிலிண்டரைக் கழற்றியபின் பிஸ்டனின் நான்கு மூலைகளிலும் கோடுகள் தெரிந்தால், இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியது காரணமாக இருக்கலாம். பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிடும், குளிர்ந்த தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் அந்த வேகத்தில் விரியாது.

பிறகு அழுத்தச் சோதனை. ஐடிலில் ஓடவிட்டு இணைப்புகளில் கிளீனர் தெளித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. சூடான இன்ஜினில் எரியக்கூடிய திரவத்தைத் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, உங்கள் இன்ஜினை இப்போது ஓட்டவும் கூடாது. அதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் துவாரத்தை ரப்பர் தட்டு வைத்து அடையுங்கள், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அதன் ரப்பரில் பொருத்தமான அடைப்பை வைத்துக் கிளாம்ப்பை முறுக்குங்கள், பிஸ்டனைக் கீழ் எல்லையில் நிறுத்துங்கள். பிளக் துளை வழியாகக் கைப் பம்பினால் 0.4 பார், அதாவது சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் இடம் பெயரக்கூடும். ஆறு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடுங்கள். பவர் வால்வின் தண்டையும் மறக்க வேண்டாம். மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கச் சீல் கசிந்தால் உள்ளே போவது காற்று. கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டுப் புகை கூடும், கியர் ஆயில் அளவும் குறையும். புகை கூடியதாக நீங்கள் எழுதவில்லை என்பதால் மேக்னெட் பக்கத்தையே நான் சந்தேகிக்கிறேன்.

கேட்டவர்

நீங்கள் கேட்டதும்தான் உணர்ந்தேன், ஆக்சிலரேட்டர் அன்று பாதிக்கும் குறைவாகவே திறந்திருந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் விரல் அகலத்துக்கு நெடுக்குக் கோடுகள் இருக்கின்றன. அழுத்தச் சோதனையில் முள் 40 நொடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மேக்னெட்டைக் கழற்றியதும் சீலின் விளிம்பில் நுரை பொங்கியது. அதோடு, வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்த கார்புரேட்டர் ரப்பரை வளைத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. இரண்டு கசிவுகள்! பிஸ்டனின் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதையே மறுபடி போடலாமா? சிலிண்டரை போர் செய்ய (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டியிருக்குமா?

முதலில் பதில் எழுதியவர்

பிஸ்டனை மாற்றிவிடுங்கள். ரிங் பள்ளத்தின் விளிம்பு சிறிதளவு நசுங்கியிருந்தாலும் ரிங் அசையாமல் நின்றுவிடும். தேய்த்த பிஸ்டன் அதை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

இவ்வகை இன்ஜின்களில் பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு இருக்கும். அதை இரும்புச் சிலிண்டரைப் போல போர் செய்து பெரிய பிஸ்டன் போட முடியாது. ஒட்டியிருப்பது பிஸ்டனின் அலுமினியம் மட்டும்தானா என்று பாருங்கள். பஞ்சில் தொட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அந்தக் கறையின்மேல் மட்டும் வைத்தால் அலுமினியம் கரையும், பூச்சு நிற்கும். ஆனால் துவாரங்களின் விளிம்பில் பூச்சில்லாத அலுமினியத்தில் அது படவே கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, பிறகு ஏராளமான தண்ணீர் ஆகியவை கட்டாயம். அதன்பின் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினாலோ பூச்சு உரிந்திருந்தாலோ மறுபூச்சுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பொருத்தும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் நோக்க வேண்டும், ரிங்கின் முனைகள் ரிங் பள்ளத்தில் உள்ள சிறு முளையை அணைத்து உட்கார வேண்டும், பிஸ்டன் பின் நழுவாமல் தடுக்கும் வளையங்களான சர்க்கிளிப் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். சர்க்கிளிப்பின் வாய் நேர்மேலாகவோ நேர்கீழாகவோ இருக்கட்டும். சிலிண்டரைக் கழற்றியிருக்கும் இந்த வேளையில் சிறுமுனைப் பேரிங்கையும் (கனெக்டிங் ராடின் மேல்முனையில், பிஸ்டன் பின்னைத் தாங்குவது) மாற்றிவிடுங்கள், கிராங்க் கேஸுக்குள் அலுமினியத் துகள் தங்காதபடி கழுவுங்கள். சீலை வெளியிலிருந்தே எடுக்க முடியுமா, கேஸைப் பிளக்க வேண்டுமா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். உங்கள் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தபின் தொடங்குங்கள்.

ஜெட், ஊசி எல்லாம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே திரும்பட்டும். எல்லாவற்றையும் பூட்டியபின், கிளப்புவதற்கு முன்பு, மறுபடி அழுத்தச் சோதனை செய்யுங்கள். ஓட்டும் பழக்கத்திலும் இரண்டு மாற்றங்கள் வேண்டும். தண்ணீர் 60 டிகிரி வரும்வரை முறுக்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி இன்ஜின் பிரேக்கில் இறங்காதீர்கள்; இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோலோடு வர வேண்டிய ஆயில் வராது. கிளட்சைப் பிடியுங்கள், அல்லது அவ்வப்போது சற்றே திறந்து மூடுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

சிலிண்டர் தப்பியது, கறை கரைந்தபின் நகம் எங்கும் சிக்கவில்லை. பிஸ்டன், சிறுமுனைப் பேரிங், இரு பக்கச் சீல்கள், கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் புதிது. கார்புரேட்டரைத் திறந்தபோது உள்ளே இருந்த மெயின் ஜெட், புத்தகத்தில் உள்ளதைவிட ஏற்கெனவே ஓர் அளவு பெரிதாக இருந்தது! எனக்கு முன்பிருந்தவரும் இதே கசிவை ஜெட்டால் தீர்க்க முயன்றிருப்பார் என்று தோன்றுகிறது. முள் ஆறு நிமிடம் அப்படியே நின்றது. மூன்று முறை சூடாக்கி முழுவதும் ஆறவிட்டேன். 6,500 சுற்றைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீடிக்காமல் 200 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். ஐடில் 1,400-இல் நிற்கிறது, ஆக்சிலரேட்டரை மூடியதும் சுற்று உடனே விழுகிறது. 500 கி.மீ. வரை இப்படியே போகிறேன். அதற்குமுன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

முதலில் பதில் எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. முழுவதும் ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளைப் புத்தகத்தில் சொன்ன முறுக்கத்துக்குக் குறுக்கு வரிசையில் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள், ரேடியேட்டரில் தண்ணீர் அளவையும் பாருங்கள். 500 முடிந்தபின் முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன், புது பிளக்கோடு அரை ஆக்சிலரேட்டரில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அங்கேயே அணைத்து, பிளக்கின் நிறத்தை இங்கே எழுதுங்கள். ஊசியை ஒரு பள்ளம் உயர்த்த வேண்டுமா என்று அப்போது பார்க்கலாம்.