பெற்றவள் இரண்டு மணி நேரம் பிள்ளையை விட்டுப் போகக் கூடாதா?

முக்கூடல்காரி:
நேற்று பேட்டை அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. விஷயம் இதுதான். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலுமாக ஒன்பது குடும்பம், மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூடுகிறோம். எல்லார் வீட்டிலும் குறைபாடுள்ள பிள்ளை உண்டு. மூன்று அம்மாக்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், மற்ற ஆறு பேரும் இரண்டு மணி நேரம் வெளியே போய் வரலாம். இதற்கு அண்ணாச்சி எழுதியது: "பெற்றவள் பார்க்காத பிள்ளையை ஊரா பார்க்கும்? அரசாங்கம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது, டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. இதற்கு மேல் என்ன ஆதரவு?"

என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். காலைக் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். தலையை என் இடது முழங்கையில் சாய்த்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். அவன் கண் அசந்த பிறகுதான் பீடித் தட்டை மடியில் வைப்பேன். போன மாதம் அந்த இரண்டு மணி நேரத்தில் ஆற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தேன். 11 வருஷத்தில் முதல் தடவை. இது தப்பா?

பேட்டை அண்ணாச்சி:
தப்பு என்றுதான் சொல்லுவேன், எழுதியதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் அம்மா அவனை ஒரு ஆளிடமும் விட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனதில்லை. அவனைப் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படிக்க வைத்து ஆளாக்கினாள். இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறான். அவள் எந்தக் கூடத்துக்கும் போகவில்லை.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, உங்கள் தம்பி அந்தப் பள்ளி விடுதியில்தானே தங்கிப் படித்தார்? இதே இடத்தில் நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் பார்த்துக்கொண்டது யார்? அது எத்தனை மணி நேரம்?

பேட்டை அண்ணாச்சி:
படிக்க அனுப்புவது வேறு, ஆற்றில் குளிக்க விட்டுப் போவது வேறு. எங்கள் அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.

பொருநைக்கரை:
இழுத்தது நீங்கள். போன ஆனித் தேர் சமயத்தில் "சக்கர நாற்காலியை ரத வீதிக்குக் கொண்டு வராதீர்கள்" என்று எழுதியதும் நீங்கள்தான். என் அக்கா மகன் அன்றைக்கு வடம் தொட வேண்டும் என்று அழுதான். நான் மறக்கவில்லை.

பேட்டை அண்ணாச்சி:
நெரிசலில் பிள்ளைக்கு அடிபடக் கூடாது என்று எழுதினேன். நல்லது சொன்னாலும் குற்றமா? அதை விடுங்கள். பிள்ளையை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போனது சரியா என்ற கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

வள்ளியூர் டீச்சர்:
நான் சிறப்பாசிரியை. முதலில் எதை ஆதரவு என்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமா? பணம் ஒன்று, சிகிச்சை ஒன்று, பெற்றோருக்கு ஓய்வு என்பது இன்னொன்று. வட்டார வள மையத்திலிருந்து நாங்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறோம். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவி...

பேட்டை அண்ணாச்சி:
டீச்சர், சட்டம் இருக்கட்டும். ஆற்றுக்குப் போனது?

சேரன்மகாதேவி அப்பா:
என் மகளுக்கு ஆட்டிசம், வயது 8. டவுன் பஸ்ஸில் அவளுக்கும் துணைக்குப் போகிற எனக்கும் டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால் பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். உடனே பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? இரண்டாவது ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்திருக்கிறேன். டிக்கெட் இல்லாமல் போகலாம், மரியாதை இல்லாமல் எப்படிப் போவது? அப்புறம் அந்த 2,000 ரூபாய் அடையாள அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் வருவதில்லை. எந்த வகை, எத்தனை சதவீதம் என்று கணக்கு உண்டு.

தென்காசித் தென்றல்:
மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். 1981-லிருந்து நடக்கிறது. ஆரம்பித்த ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். எங்கள் தென்காசியில் இது இருக்கிறது, திருநெல்வேலிக்காரர்கள் இன்னும் குளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பொருநைக்கரை:
1981-ல் தென்காசி மாவட்டமே கிடையாதே! பிரிந்தது 2019 நவம்பரில். அது திருநெல்வேலி மண்ணில் பிறந்த சங்கம்.

தென்காசித் தென்றல்:
ஊர் எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டம். ஆய்க்குடியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவீர்களா?

பேட்டை அண்ணாச்சி:
இதில் பொருநைக்கரை சொல்வதுதான் சரி. அது நம்ம மாவட்டத்துச் சங்கம்தான்.

முக்கூடல்காரி:
மாவட்டத்தை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்கு 18 வயது முடிந்தால் நான் தானாகவே அவனுக்குச் சட்டப்படிக் காப்பாளர் ஆகிவிட மாட்டேன். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கிற குழுவில் மனுப் போட்டு வாங்க வேண்டும். அதே சட்டத்தில் நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. 11 வருஷமாக எத்தனையோ ஆஸ்பத்திரி, ஆபீஸ் படி ஏறினேன். ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. சொன்னது யார்? அந்தக் கூடத்தில் என் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பத்தமடைக்காரி. அவள் மகளுக்கு 19 வயது. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை எனக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தாள். என் மகனின் கால் விறைப்புக்குத் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் எப்படி வைப்பது என்றும் காட்டினாள். ராத்திரியில் இப்போது அவன் கொஞ்சம் தூங்குகிறான்.

நான் தூக்கம் கெட்டு, முதுகு ஒடிந்து கிடந்தால் பிள்ளைக்கு யார் கஞ்சி ஊட்டுவது? என் வீட்டுக்காரர் கேரளாவில் வேலை பார்க்கிறார். மாமியாருக்குக் கண் தெரியாது. நான் படுத்தால் வீடே படுத்துவிடும்.

பேட்டை அண்ணாச்சி:
கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை, தங்கச்சி. எனக்கும் தெரியும். இன்றைக்கு இரண்டு மணி நேரம் என்பீர்கள், நாளைக்கு இரண்டு நாள் ஆகும், கடைசியில் ஏதாவது இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை போனது, திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன். நீங்கள் ஆற்றில் இருந்த நேரம் பிள்ளைக்குப் புரையேறியிருந்தால்?

முக்கூடல்காரி:
பக்கத்தில் இருந்தது அதே மாதிரிப் பிள்ளைக்கு 19 வருஷமாக ஊட்டுகிறவள். என்னைவிட அவள் கைக்குப் பழக்கம் அதிகம். இல்லத்தில் விடக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணாச்சி இந்தக் கூடமே. தாங்க முடியாமல் போகிறவர்கள்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். வருகிற ஞாயிறு என் முறை, ஒன்பது பிள்ளைகளை நாங்கள் மூன்று பேர் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் மயினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அரை மணி நேரம் ஒரு பிள்ளைக்கு ஊட்டிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
என்னை வரச் சொல்வது என் கேள்விக்குப் பதில் ஆகாது.

தென்காசித் தென்றல்:
ஆய்க்குடி தென்காசி மாவட்டம்தான் என்று ஒருத்தராவது ஒப்புக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி அப்பா:
அக்கா, அப்பாக்கள் வரலாமா? மகளுக்குச் சத்தம் ஆகாது. கூடத்தில் ஓரமாக ஒரு தனி அறை இருக்குமா?

முக்கூடல்காரி:
வாங்க தம்பி. பின்பக்கம் சாமான் போடுகிற அறை இருக்கிறது, சனிக்கிழமையே கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். மின்விசிறி மட்டும் கிறீச்சென்று சத்தம் போடும். அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்போம்.

பேட்டை அண்ணாச்சி:
ஆற்றுக்குப் போனது சரியா தப்பா? நான் கேட்டது அங்கேயேதான் நிற்கிறது.