பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுந்துபோகும் வைஃபை: வீட்டில் செய்த கையடக்க விளையாட்டுக் கருவி, அனுபவப் பகிர்வு

வேளச்சேரி உறுப்பினர் (தொடக்கப் பதிவு):

வீட்டிலேயே செய்த கையடக்க விளையாட்டுக் கருவியில் வைஃபை நிற்கவில்லை என்று யாராவது கேட்டால், டாங்கிளை (யூஎஸ்பி வழியாக வைஃபை தரும் சிறிய கருவியை) மாற்றுங்கள் என்ற பதில்தான் உடனே வருகிறது. நான் பார்த்த கருவியில் டாங்கிள் முழு நலத்துடன் இருந்தது. அதற்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிட்டதுதான் கோளாறு. அதைக் கண்டறிந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே தொல்லையைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் கீழே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கருவி என் அக்கா மகன் செய்தது. உள்ளே இருப்பது 2015 நவம்பரில் வெளிவந்த முதல் வகை ராஸ்பெர்ரி பை ஜீரோ என்னும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினி. வைஃபை, 2017 பிப்ரவரியில் வந்த ஜீரோ டபிள்யூவில்தான் பலகையிலேயே இடம்பெற்றது. ஆகவே பழைய ஜீரோவுக்குத் தனி டாங்கிள் தேவை. சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ரிவர்ஸ் கேமராவுக்கு விற்கும் சிறிய திரையை வாங்கி, 5 வோல்ட்டில் ஓடும்படி மாற்றியிருந்தான். லித்தியம் பேட்டரி, அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் பலகை, ஒலிக்கு பிஏஎம்8403 ஆம்பிளிஃபயர், டாங்கிள் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. டாங்கிளின் உறையைக் கழற்றி, ஜீரோவின் பின்பக்கத்தில் யூஎஸ்பி தரவுக்கென உள்ள பிபி22, பிபி23 புள்ளிகளில் மெல்லிய கம்பிகளால் நேரடியாகச் சால்டர் செய்திருந்தான். மெமரி கார்டு பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால், பழைய வீடியோ விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளில் புதிதாக ஒரு விளையாட்டைச் சேர்ப்பதற்கும் சேமித்த நிலைகளைக் கணினிக்கு எடுப்பதற்கும் வைஃபை ஒன்றே வழி.

"மாமா, சும்மா வச்சிருந்தா கனெக்‌ஷன் நிக்குது, கேம் போட்டுக்கிட்டே ஃபைல் காப்பி பண்ணினா போயிடுது" என்றுதான் அவன் கருவியைக் கொண்டுவந்தான். பழுது பார்ப்பவருக்கு இத்தகைய வாக்கியம் பெரிய உதவி. எப்போது அறுகிறது என்பதைச் சொல்லும்போதே, சுமை கூடும் நேரத்தில்தான் அறுகிறது என்பதையும் அவன் சொல்லிவிட்டான்.

முதலில் பார்க்க வேண்டியது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவுகள். அவற்றைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட விட்டுக்கொண்டே ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கச் செய்தேன். இணைப்பு அறுந்த கணத்தில், யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 4 என்று ஒரு வரி வந்தது. அதைத் தொடர்ந்து, புதிய ஹை ஸ்பீட் யூஎஸ்பி கருவி, எண் 5 என்று இன்னொரு வரி. இந்த எண் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். ரவுட்டர் நம்மை வெளியேற்றியிருந்தால் எண் மாறாது, அங்கீகாரம் நீக்கப்பட்டது என்ற வேறு வகைச் செய்தியே வரும். எண் ஏறினால் டாங்கிள் மின்சுற்றிலிருந்தே விழுந்து மீண்டும் எழுந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ரவுட்டர் கடவுச்சொல்லையும் அமைப்புக் கோப்புகளையும் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை.

இந்த இடத்தில்தான் பலர் திசை தப்பிப் போகிறார்கள். விசிஜென்சிஎம்டி கட்டளையைக் கொடுத்து, மின்னழுத்தம் குறைந்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பூஜ்யம் என்று பதில் வந்ததும், மின்சாரத்தில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2014இல் வந்த பி பிளஸ் தொடங்கி ராஸ்பெர்ரி பை பலகைகளில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும் சுற்று உண்டு, ஆனால் ஜீரோ வரிசையில் அந்தச் சுற்றே வைக்கப்படவில்லை. திரையின் மூலையில் மின்னல் குறி வராததாலும், கட்டளை பூஜ்யம் காட்டுவதாலும் ஜீரோவில் எதுவும் உறுதியாவதில்லை. மல்டிமீட்டரை எடுத்து அளந்தே ஆக வேண்டும்.

அளப்பதற்கு முன் இன்னொரு சோதனை செய்தேன். பூஸ்ட் பலகையிலிருந்து வரும் 5 வோல்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, ஜீரோவின் மின் துளையில் நல்ல 5 வோல்ட் அடாப்டரை நேரடியாகச் செருகினேன். கம்பியைக் கழற்றாமல் இதைச் செய்யக்கூடாது. இரண்டு மின்மூலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இப்போது அதே கோப்பு, அதே விளையாட்டு, அதே ஒலி அளவு. இணைப்பு ஒருமுறைகூட அறவில்லை. அதே டாங்கிள், அதே மென்பொருள், மின்சாரம் வரும் பாதை மட்டும்தான் வேறு.

பிறகு பேட்டரிப் பாதையை மீண்டும் இணைத்து, மீட்டரின் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியைப் போட்டுப் படிப்படியாக அளந்தேன். பூஸ்ட் பலகையின் வாயிலில் 5.1 வோல்ட். அதற்கு அடுத்துள்ள சிறிய ஸ்லைடு சுவிட்சைத் தாண்டியதும் 4.9. டாங்கிளின் கால்களில் சும்மா இருக்கும்போதே 4.7, ஒலியைக் கூட்டி, நகலெடுப்பையும் தொடங்கியபோது 4.3 வரை இறங்கியது. மீட்டர் மெதுவானது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அது காட்டும் 4.3க்கும் கீழே, கண்ணிமைக்கும் நேரத்துக்கு இன்னும் ஆழமான சரிவுகள் இருந்திருக்கும். மாடியில் மோட்டார் போட்டதும் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிவதைப் போன்ற நிலைமைதான் இது. ஒரே கம்பியில் ஆம்பிளிஃபயரும் திரையும் இழுக்கும்போது கடைசியில் இருக்கும் டாங்கிளுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது.

காரணம் இரண்டு. அந்தச் சின்னஞ்சிறு ஸ்லைடு சுவிட்சுகள் பெரும்பாலும் அரை ஆம்பியருக்கு மேல் தாங்கும்படி செய்யப்படுவதில்லை, இங்கேயோ கருவியின் மொத்த மின்னோட்டமும் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. அடுத்தது கம்பி. 30 கேஜ் கம்பிக்கு (கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்) மீட்டருக்கு ஏறத்தாழ 0.34 ஓம் மின்தடை உண்டு. போக 15 சென்டிமீட்டர், வர 15 சென்டிமீட்டர் என்று வைத்தாலே 0.1 ஓம் ஆகிவிடுகிறது, ஒரு ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் அங்கேயே போய்விடும். தரவுக்கு மெல்லிய கம்பி போதும், மின்சாரத்துக்குப் போதாது. 24 கேஜ் கம்பியில் இந்த இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

சரிசெய்த விதம் இது. ஸ்லைடு சுவிட்சை மின்பாதையிலிருந்து எடுத்து, பூஸ்ட் பலகையை இயக்கி நிறுத்தும் எனேபிள் காலோடு இணைத்தோம். அந்தக் காலில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. டாங்கிளுக்கும் ஆம்பிளிஃபயருக்கும் பூஸ்ட் பலகையிலிருந்தே தனித்தனியாகத் தடித்த கம்பிகள் இழுத்தோம். கணநேரச் சரிவுகளைச் சமாளிக்க, டாங்கிளின் கால்களை ஒட்டி 470 மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஒன்றை, கூட்டல் கழித்தல் பார்த்து வைத்தோம். இதைவிடப் பெரிய மின்தேக்கி வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கருவியை இயக்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டத்தால் சில பூஸ்ட் பலகைகள் கிளம்பாமலே நின்றுவிடும். இப்போது முழுச் சுமையிலும் டாங்கிளின் கால்களில் 4.9 வோல்ட் நிற்கிறது.

பெரம்பூர் உறுப்பினர்:

மிகப் பயனுள்ள பதிவு, ஐயா. என் கருவியில் அறிகுறியே வேறாக இருந்தது என்பதால் சேர்க்கிறேன். விளையாடும்போதும் நகலெடுக்கும்போதும் இணைப்பு நன்றாக இருக்கும். கருவியைச் சிறிது நேரம் சும்மா வைத்துவிட்டுக் கணினியிலிருந்து அழைத்தால் பதில் வராது. பதிவுகளில் டிஸ்கனெக்ட் வரி எதுவும் இல்லை. டாங்கிளின் மின்சேமிப்பு முறைதான் அதற்குக் காரணமாக இருந்தது. டாங்கிளை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கான அமைப்புக் கோப்பில் மின்சேமிப்பையும், யூஎஸ்பி உறக்கத்தையும் பூஜ்யமாக்கி, மறுதொடக்கம் செய்ததும் தீர்ந்தது.

டிரைவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே உறை, ஒரே மாடல் பெயர் உள்ள இரண்டு டாங்கிள்களுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருக்கலாம். யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் அடையாளத்தின் இறுதி இலக்கங்கள் 8176 என்றால் ரியல்டெக் 8188சியூஎஸ், 8179 என்றால் 8188இயூஎஸ். இரண்டுக்கும் டிரைவர் வேறு. அமைப்புக் கோப்பின் பெயரும் டிரைவரைப் பொறுத்ததே, ஆகவே ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு ஒட்டினால் எந்த மாற்றமும் தெரியாது. ரிச்சி தெருவில் வாங்கும்போது மடிக்கணினியை எடுத்துச்சென்று கடையிலேயே செருகி, அந்த இலக்கங்களைப் பார்த்துவிடுவது நல்லது. பொறுமையான கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

திருவான்மியூர் உறுப்பினர்:

மின்னழுத்தம் சரியாகவே இருந்தும் எனக்குச் சிக்கல் வந்தது. பெட்டியைத் திறந்து வைத்தால் சமிக்ஞை மைனஸ் 50 டிபிஎம் அளவில் இருக்கும், மூடினால் மைனஸ் 80ஐ நெருங்கும் (பூஜ்யத்திலிருந்து விலக விலகச் சமிக்ஞை பலவீனம்). டாங்கிளின் ஆன்டெனா திரையின் பின்பக்கத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதற்கு இசைய அமைத்த சிறிய ஆன்டெனாவின் அருகே உலோகம் வந்தால் அதன் இசைவே கெட்டுவிடுகிறது.

எங்கே மாற்றி வைப்பது என்பதில் கைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இது தெரியாது. கருவியின் கீழ்ப்பாதியை இரண்டு உள்ளங்கைகளும் மூடிக்கொள்கின்றன, மனித உடலோ இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். ஆன்டெனா உள்ள முனையை மேல் விளிம்பின் நடுவில், பேட்டரியும் திரையும் எட்டாத இடத்தில் நிறுத்தியதும், பிடித்து விளையாடும்போதே மைனஸ் 60க்கு மேல் கிடைக்கிறது. தரவுக் கம்பிகள் இரண்டையும் கூடியவரை குட்டையாக, ஒன்றோடொன்று முறுக்கி வையுங்கள். டிமெசேஜில் மைனஸ் 71 என்ற பிழை வந்தால் அந்த இரண்டு கம்பிகளில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்; இடம் மாறியிருக்கலாம், சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம்.

கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள், சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸ், வேலை முடிந்தபின் விட்டுச்செல்லும் பிசுக்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்காமல் பெட்டியை மூட வேண்டாம். எங்கள் பகுதியின் உப்புக் காற்றில் செம்புப் புள்ளிகள் விரைவிலேயே பச்சை பூத்துவிடுகின்றன.

தாம்பரம் உறுப்பினர்:

வீட்டு நெட்வொர்க் மட்டும் பட்டியலில் வரவில்லை, அடுத்த வீட்டுக்காரர்களுடையவை எல்லாம் வந்தன. எங்கள் அடுக்ககத்தில் நெரிசல் அதிகம் என்பதால் ரவுட்டர் தானாகவே 13ஆம் சேனலுக்குப் போயிருந்தது. கருவியில் நாட்டின் குறியீடு அமெரிக்கா என்று இருந்தது. அங்கே 11ஆம் சேனலோடு நின்றுவிடும். இந்தியா என்று மாற்றியதும் வந்துவிட்டது.

கொளத்தூர் உறுப்பினர்:

ஐயா, வைஃபை உள்ளேயே இருக்கும் ஜீரோ 2 டபிள்யூவை வாங்கிப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை எதுவுமே இருக்காதல்லவா? பழையதைச் சீர்செய்வதில் என்ன ஆதாயம்?

வேளச்சேரி உறுப்பினர்:

தம்பி, கேள்வி நியாயமானது. 2021 அக்டோபரில் வந்த ஜீரோ 2 டபிள்யூ அதே 65க்கு 30 மில்லிமீட்டர் அளவுதான், நான்கு கோர் செயலி, வேகமும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர் அதையே வாங்கட்டும். ஆனால் பழைய பெட்டிக்குள் அதை வைப்பதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். பின்பக்கப் புள்ளிகள் அமைந்துள்ள இடங்கள் பழைய ஜீரோவில் உள்ளவை அல்ல, எனவே பழைய படத்தைப் பார்த்துச் சால்டர் வைக்கக்கூடாது. அத்துடன், வேகமான செயலி முழு வேலையில் இழுக்கும் மின்னோட்டம் கூடுதல். டாங்கிள் மட்டும் விழுந்து எழுந்த அதே கம்பியிலும் அதே சுவிட்சிலும் இதைப் பொருத்தினால், விளையாட்டின் நடுவே பலகையே மறுதொடக்கம் ஆகும். அப்போது மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடவும் வாய்ப்புண்டு.

எனவே பலகையை வாங்குவதற்கு முன், இப்போதுள்ள கருவியில் முழு ஒலி, முழு வெளிச்சம், கோப்பு நகலெடுப்பு மூன்றையும் ஒருசேர ஓடவிட்டு, பலகையின் 5 வோல்ட் காலில் குறைந்தபட்ச அளவை எடுத்து இங்கே எழுதுங்கள். பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது ஒன்று, பாதிக்குக் கீழே இறங்கியபின் ஒன்று. பேட்டரி இறங்க இறங்க அதே 5 வோல்ட்டைத் தருவதற்குப் பூஸ்ட் பலகை பேட்டரியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் கம்பியையும் சுவிட்சையும் மாற்ற வேண்டுமா என்று என்னால் சொல்ல முடியும்.