ஃபோம் விளிம்பு உதிர்ந்த பழைய ஸ்பீக்கர் ஜோடியை வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி ரசிகர்

அனைவருக்கும் வணக்கம். கர்நாடக இசையையும் எண்பதுகளின் திரையிசையையும் மாலை நேரத்தில் அமர்ந்து கேட்பதற்காக, முன்பு ஒருவர் பயன்படுத்திய ஹைஃபை ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். ஓசூரில் ஒருவர் இரண்டு ஜோடிகளை விற்பனைக்கு வைத்திருக்கிறார்.

முதலாவது, தொண்ணூறுகளில் செய்யப்பட்ட, எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) உள்ள மூடிய பெட்டி. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. விலை 12,000 ரூபாய். பெட்டியின் பின்புறம் 8 ஓம், 90 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டாவது, ஆறரை அங்குல வூஃபரும் ரப்பர் விளிம்பும் உள்ள, பின்னால் காற்றுத் துளை வைத்த சிறிய பெட்டி. பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்தாலும், உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர்களில் ஒன்றின் குமிழ் உள்ளே அமுங்கியிருக்கிறது. இது 4 ஓம், 86 டெசிபல். விலை 9,000 ரூபாய்.

என்னிடமுள்ள ஆம்பிளிஃபையர் ஒரு பக்கத்துக்கு 40 வாட் தருவது. அதன் பின்புறத்தில் ‘6 முதல் 16 ஓம்’ என்று எழுதியுள்ளது. அறை 12 அடிக்கு 14 அடி. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. எந்த ஜோடியை வாங்குவது, பணம் கொடுக்கும் முன் எவற்றைச் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓசூர் நண்பர்

தயங்காமல் முதல் ஜோடியைப் பாருங்கள். ஃபோம் உதிர்வது ஸ்பீக்கருக்கு வந்த நோய் அன்று, அந்தப் பொருளின் வயது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலும் வெப்பத்தாலும் பத்து, இருபது ஆண்டுகளில் சிதைந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கருக்கும் இது பொருந்தும். விளிம்பை மட்டும் மாற்றிவிட்டால் கூம்பும் காந்தமும், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலும் பழையபடியே உழைக்கும். அமுங்கிய ட்வீட்டர் குமிழின் நிலை அப்படிப்பட்டதன்று. துணிக் குமிழாக இருந்தால் மெல்ல வெளியே இழுத்துவிடலாம். உலோகக் குமிழாக இருந்தால் மடிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும், வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே குரலில் பேசா. அதே மாதிரி ட்வீட்டர் இன்று கிடைக்கிறதா என்று உறுதியாகத் தெரியாதவரை அந்த ஜோடிக்கு 9,000 ரூபாய் அதிகம் என்பது என் கருத்து.

ஓம் (மின்தடை) கணக்கும் முதல் ஜோடிக்கே சாதகமாக உள்ளது. 4 ஓம் ஸ்பீக்கர் உங்கள் ஆம்பிளிஃபையரிடமிருந்து அது வடிவமைக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும். சத்தத்தைக் கூட்டி நெடுநேரம் கேட்டால் ஆம்பிளிஃபையர் சூடாகும். ஒரே வாட்டில் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் காட்டும் டெசிபல் வேறுபாட்டையும் சிறிதென்று எண்ணிவிடாதீர்கள். 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் வாட் இரு மடங்காக வேண்டும் என்பதால், 90 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தருகிற ஒலியை 86 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்க ஏறத்தாழ 100 வாட் தேவைப்படும். ஆம்பிளிஃபையர் தன் எல்லையைத் தாண்டி முறுக்கப்படும்போதுதான் ட்வீட்டர்கள் பெரும்பாலும் எரிகின்றன.

சோதிக்கச் செல்லும்போது மல்டிமீட்டரும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றும் கைப்பேசியில் உங்களுக்கு நன்கு பழகிய ஓர் இசைப்பதிவும் கொண்டு செல்லுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் மீட்டரை வைத்தால் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரை காட்டும். இரண்டு பெட்டிகளும் நெருங்கிய அளவைக் காட்டுவதே முக்கியம். பேட்டரியை ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுத்தால், நேர்முனை நேர்முனையோடு சேர்ந்திருக்கும்போது கூம்பு வெளியே நகர வேண்டும். ஒரு பெட்டியில் வெளியேயும் மற்றதில் உள்ளேயும் நகர்ந்தால் யாரோ உள்ளே கம்பியை மாற்றி இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். ட்வீட்டருக்கு முன்னால் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கெபாசிட்டர் இருப்பதால் பேட்டரிச் சோதனை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. குறைந்த ஒலியில் இசையை ஓடவிட்டு, ட்வீட்டரின் அருகே காதை வைத்து இருபுறத்தையும் ஒப்பிடுங்கள்.

பெட்டியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்க மறவாதீர்கள். ஈரம் குடித்த மரத்தூள் பலகை மூலைகளில் உப்பியிருக்கும். கரையான் தடம் இருந்தாலும் அங்கேதான் தெரியும்.

பதில்: தர்மபுரி பழுதுபார்ப்பவர்

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விளிம்பை எங்கே, எப்படி மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலான நல்ல ஸ்பீக்கர்கள் நம் ஊர்ப்பக்கம் வீணாகின்றன என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஸ்பீக்கர் ரீகோனிங் (கூம்பையும் விளிம்பையும் மாற்றும் வேலை) செய்யும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போகும் மைக்செட் ஸ்பீக்கர்கள். அவற்றுக்குப் பசை ஏற்றிய, விறைப்பான துணி விளிம்பே சரி. திறந்த வெளியில் பல மணி நேரம் உரக்க ஒலிக்க அது தாங்கும். அதே துணி விளிம்பை வீட்டு ஸ்பீக்கரின் வூஃபருக்கு ஒட்டினால் கூம்பு தளர்வாக அசைய முடியாமல் அதன் இயல்பான ஒத்ததிர்வு எண் மேலே ஏறிவிடும். மிருதங்கத்தின் இடந்தலையில் எழும் கும்கி என்னும் தாழ்ந்த நாதம் காணாமற்போகும். ஆகவே கொடுக்கும் முன்பே ‘ஃபோம் விளிம்புதான் வேண்டும், கூம்பையும் காயிலையும் மாற்றக் கூடாது’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விளிம்பின் உள் விட்டம், வெளி விட்டம், வளைவின் அகலம் ஆகியவற்றை அளந்து அதே அளவில் இணையத்தில் வரவழைப்பதோ, பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடைகளில் தேடுவதோ நல்லது.

உங்கள் முதல் ஜோடி மூடிய பெட்டி என்பதால் இது இன்னும் முக்கியம். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்துக் காட்டிய முறையில், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கூம்பைப் பின்னுக்கு இழுக்கும் வில்லாக வேலை செய்கிறது. விளிம்பு மிகவும் தளர்வாக இருக்க வேண்டும் என்பதே அந்த முறையின் அடிப்படை. தொண்ணூறுகளின் மூடிய பெட்டிகளில் பலவும் இந்த வழியில் வந்தவை. காற்று கசிந்தாலும் இந்த ஏற்பாடு குலையும். புது விளிம்பு ஒட்டிக் காய்ந்தபின் கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். அது நிதானமாகத் திரும்பினால் பெட்டி இறுக்கமாக உள்ளது. உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இன்னொன்று: விளிம்பு இல்லாத நிலையில் கூம்பை அழுத்தும்போது உரசல் கேட்டால் காயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். பிடிமானம் போனதால் கூம்பு ஒரு பக்கம் சாய்ந்து, அதனாலும் காயில் உரசலாம். ஆனால் இந்த ஐயத்தை விலை பேசும்போது எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் முப்பது ஆண்டில் தம் மதிப்பிலிருந்து விலகியிருக்கக்கூடும். பெட்டியைத் திறக்கும்போதே அதே மைக்ரோஃபாரட் அளவில், இரு பெட்டிகளிலும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பதில்: பாலக்கோடு அன்பர்

ஸ்பீக்கரைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் அறையைப் பற்றி எழுதுகிறேன். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் எந்த ஸ்பீக்கரும் கூச்சலிடும். தரையில் ஒரு தடித்த பவானி ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, எதிர்ச்சுவரில் புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஆகியவை போதும். அதற்குமேல் செலவிட வேண்டாம். 12 அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள தாழ்ந்த ஒலி இரு சுவர்களுக்கிடையே நின்று பெருகும். நீங்கள் சுவரை ஒட்டி அமர்ந்தால் அந்த இரைச்சல் மிகும். இருக்கையைப் பின்சுவரிலிருந்து மூன்றடியாவது முன்னால் இழுத்துப்போடுங்கள்.

ட்வீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும். ஸ்டாண்டுக்கு அலைய வேண்டியதில்லை: உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் கிடைக்கும். செங்கல் அடுக்கின்மேல் ஒரு கிரானைட் பலகை, அதன்மேல் மெல்லிய ரப்பர்த் துண்டுகள், அதன்மேல் ஸ்பீக்கர் என்று வைத்தால் அசையாமல் நிற்கும்.

கேள்வியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் ஜோடியையே சோதித்து, விலையைக் குறைத்துக் கேட்கப் போகிறேன். விளிம்பை நானே ஒட்ட முடியுமா? கூம்பு நடுவில் சரியாக அமர்ந்திருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது?

பதில்: தர்மபுரி பழுதுபார்ப்பவர்

பொறுமை இருந்தால் தாராளமாக முடியும். பழைய ஃபோமையும் பசையையும் முழுவதும் சுரண்டி எடுங்கள். வேலையில் பாதி இதுதான். முதலில் விளிம்பைக் கூம்போடு மட்டும் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு வெளி வளையத்துக்கு மெதுவாகக் காயும் பசையைத் தடவி, கைப்பேசியிலுள்ள ஒலி உண்டாக்கும் செயலி வழியாக 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த அளவில் ஆம்பிளிஃபையர் மூலம் கொடுங்கள். உரசினால் ‘சர்சர்’ என்று கேட்கும்; கூம்பை மயிரிழை அளவு நகர்த்தி, அந்தச் சத்தம் நின்ற இடத்தில் விளிம்பை அழுத்திவிடுங்கள். ஒருநாள் முழுவதும் காய்ந்த பிறகே பெட்டியில் பொருத்துங்கள். ஒரு வூஃபரின் விளிம்பு மட்டும் முற்றிலும் உதிர்ந்து மற்றது ஓரளவு நன்றாகத் தோன்றினாலும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.