திருப்பத்தில் மட்டும் லைடார் புள்ளிகள் கேமரா படத்தை விட்டு விலகுது – அவசரம்

சுழல்தலை:
லைடார் (சுழன்றபடி லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) தரும் புள்ளிகளை முன் கேமரா படத்தின் மேல் போட்டுப் பார்க்கிறோம். நேராகப் போனால் கச்சிதம். வண்டி திரும்பினால் விளக்குக் கம்பம் ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம். கேலிபிரேஷன் (இரண்டும் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கு என்ற அளவுத்திருத்தம்) மறுபடி செய்தாச்சு, பிரயோஜனமில்லை. வெள்ளிக்கிழமை டிராக்கில் டெமோ. யாராவது சொல்லுங்களேன்.

நட்டுபோல்ட்:
எந்த லைடார்? எத்தனை ஹெர்ட்ஸ்? கேமரா குளோபல் ஷட்டரா (முழுப் படமும் ஒரே நேரத்தில்), ரோலிங்கா (வரி வரியாக)? இரண்டுக்கும் டைம்ஸ்டாம்ப் (டேட்டாவில் குத்தும் நேர முத்திரை) எங்கிருந்து வருது? வண்டி நிற்கும்போது சரியாக உட்காருதா?

தெற்குவாசல்:
37 விநாடி. வேறு எதையும் பார்க்க வேண்டாம். பி.டி.பி. (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒன்றாக்கும் முறை) ஓடுவது டி.ஏ.ஐ. என்ற அணுக் கடிகார நேரத்தில், கம்ப்யூட்டர் ஓடுவது லீப் விநாடி சேர்த்த யு.டி.சி. உலக நேரத்தில். 2017 ஜனவரியிலிருந்து வித்தியாசம் 37 விநாடி. ஆஃப்செட்டைச் சரி பண்ணுங்க.

மூத்தபொறி:
37 விநாடி தள்ளியிருந்தால் திருப்பம் வரை ஏன் சார் காத்திருக்கணும்? ஒரு ஃபிரேம்கூட ஜோடி சேர்ந்திருக்காது. தம்பி, செக்கர்போர்டை (கேலிபிரேஷனுக்கான கட்டம் போட்ட பலகை) பெரிதாக அடித்து கேலிபிரேஷனை ஒழுங்காகச் செய். மன்றத்தில் மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவைப் படித்துவிட்டுக் கேட்கிற பழக்கமே இங்கே போய்விட்டது.

சுழல்தலை:
லைடார் வெலோடைன் வி.எல்.பி.-16, 600 ஆர்.பி.எம். (10 ஹெர்ட்ஸ்), மென்பொருள் ரோஸ் 2 (ரோபோக்களுக்கானது). நிற்கும்போது சரியாகத்தான் இருக்கு.

நட்டுபோல்ட்:
நிற்கும்போது சரி என்றால் கேலிபிரேஷனைத் தொடாதீங்க. இது நேரக் கோளாறு. இடது பக்கம் திரும்பினால் புள்ளிகள் எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு? கேமரா பற்றி இன்னும் சொல்லவில்லை.

மஞ்சள்கோடு:
ரோலிங் ஷட்டர்தான். எங்கேயும் இதுதான் பிரச்சினை.

நட்டுபோல்ட்:
ரோலிங் ஷட்டர் என்றால் படத்தில் கம்பம் சாயும். முழுக் கம்பமும் நகராது.

சுழல்தலை:
குளோபல் ஷட்டர் அண்ணா. இடது திருப்பத்தில் புள்ளிகளும் இடது பக்கம். 20 மீட்டரில் இருக்கிற கம்பத்துக்கு அதிகபட்சம் ஒரு மீட்டர். ஐ.எம்.யூ.வில் (அசைவை அளக்கும் சென்சார்) யா ரேட், அதாவது வண்டி திரும்பும் வேகம், விநாடிக்கு 30 டிகிரி. சொல்ல மறந்துட்டேன், சில சமயம் திருப்பத்திலும் சரியா இருக்கு. பி.பி.எஸ். (ஜி.பி.எஸ். ரிசீவர் விநாடிக்கு ஒன்றாகத் தரும் நேர பல்ஸ்) ஒயர் எதுவும் இழுக்கலை.

நட்டுபோல்ட்:
அந்தச் "சில சமயம்" முதலிலேயே வந்திருக்கணும்.

20 மீட்டரில் 1 மீட்டர் என்றால் சுமார் 3 டிகிரி. யா ரேட்டால் வகுத்தால் 0.1 விநாடி, அதாவது லைடாரின் ஒரு முழுச் சுற்று. திரும்புகிற பக்கமே புள்ளிகள் தள்ளினால் லைடார் டேட்டா தன் டைம்ஸ்டாம்பைவிடப் பழையது. எதிர்ப்பக்கம் போனால் படம் பழையது.

லைடாரின் டிரைவர் மென்பொருளை, செட்டிங் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், ஸ்கேனின் கடைசி பாக்கெட் (லைடார் அனுப்பும் டேட்டாத் துண்டு) நேரத்தைத்தான் ஸ்டாம்பாகப் போடும். அதோடு சுற்றைக் கோணம் பார்த்து வெட்டாது, பாக்கெட்டை எண்ணி வெட்டும். விநாடிக்கு 754 பாக்கெட், 10 ஹெர்ட்ஸில் சுற்றுக்கு 75.4. டிரைவர் அதை 76 ஆக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்கேனிலும் 0.6 பாக்கெட் கூடுதல், கிட்டத்தட்ட 2.9 டிகிரி. வெட்டு விழும் இடம் மெல்ல நகர்ந்து, 12-13 விநாடிக்கு ஒருமுறை வண்டியைச் சுற்றி வரும். வெட்டு முன்பக்கம் ஒரு கோடியில் இருக்கும்போது கம்பத்துப் புள்ளிகள் புதுசு, மறு கோடிக்குப் போனால் 100 மில்லிசெகண்ட் பழசு. சில சமயம் சரியாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

டிரைவர் மென்பொருளில் கட் ஆங்கிள் பாராமீட்டரைப் (சுற்றை எந்தக் கோணத்தில் வெட்டணும் என்ற செட்டிங்) போடுங்க. அளவு ரேடியனில். சென்சாரின் முன்பக்கம் வண்டியின் முன்பக்கத்தோடு சேர்ந்திருந்தால் 3.14, வெட்டு பின்பக்கம் விழும். அப்புறம் முன்பக்கப் புள்ளிகள் எப்போதும் 50 மில்லிசெகண்ட் பழசாக இருக்கும், மாறாது. ஜோடி சேர்க்கும்போது அதைக் கழியுங்க.

ஜி.பி.எஸ். டைம் பாராமீட்டரை மட்டும் இப்போது ஆன் செய்யாதீங்க. அது ஸ்டாம்பாக எடுப்பது பாக்கெட்டில் இருக்கும் நேரத்தை, அதாவது மணி தொடங்கியதிலிருந்து மைக்ரோசெகண்ட். பி.பி.எஸ். இல்லாமல் அது பவர் போட்ட நேரத்திலிருந்து எண்ணும். ஸ்டாம்ப் எங்கேயோ போய் நிற்கும்.

டெமோ முடிந்ததும் ஒவ்வொரு புள்ளியின் நேரத்தையும் ஐ.எம்.யூ.வையும் வைத்து டீஸ்கியூ செய்யுங்க (ஒரு சுற்றுக்குள் வண்டி நகர்ந்ததைக் கழித்துப் புள்ளிகளை நேராக்குவது). 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றுக்குள் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்துவிடும்.

தெற்குவாசல்:
இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. பி.டி.பி. போட்டால் எல்லாம் ஒரே கடிகாரம்.

மூத்தபொறி:
வி.எல்.பி.-16க்கு பி.டி.பி. கிடையாது. பி.பி.எஸ். ஒயரும் ஜி.பி.ஆர்.எம்.சி. வாக்கியமும்தான் (ஜி.பி.எஸ். ரிசீவர் நேரத்தைச் சொல்லும் எழுத்து வரி). டேட்டாஷீட் என்று ஒன்று உண்டு.

தெற்குவாசல்:
சரி, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஜி.பி.எஸ். போனால் உங்கள் பி.பி.எஸ். என்ன செய்யும்?

மஞ்சள்கோடு:
மைக்ரோகன்ட்ரோலரில் விநாடிக்கு ஒரு பல்ஸும், 9600 பாட் வேகத்தில் ஜி.பி.ஆர்.எம்.சி.யும் நாமே தயாரித்துக் கொடுக்கலாம். அதே போர்டிலிருந்து கேமராவுக்கு டிரிகர் (படம் எடுக்கச் சொல்லும் சிக்னல்) இழுத்தால் இரண்டும் ஒரே கடிகாரத்துக்கு வந்துவிடும்.

தெற்குவாசல்:
ஆக, பொய் ஜி.பி.எஸ். நல்லா இருக்கு. நாளைக்கு ரேடார், இன்னும் நாலு கேமரா வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒயர் இழுப்பீங்களா?

மூத்தபொறி:
பி.டி.பி. தெரியாத சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சை நடுவில் வைத்துவிட்டு மைக்ரோசெகண்ட் கணக்குப் பேசுகிறவர்களைவிட ஒயர் மேல்.

சுழல்தலை:
கட் ஆங்கிள் போட்டாச்சு, ஏற்ற இறக்கம் போயிடுச்சு. 50-க்குப் பதில் 54 கழித்ததும் கம்பத்தின் மேலேயே உட்காருது. நன்றி அண்ணா.

நட்டுபோல்ட்:
அந்த 4 பெரும்பாலும் எக்ஸ்போஷரும் நெட்வொர்க் தாமதமும் சேர்ந்ததாக இருக்கும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்து ஆட்டோ எக்ஸ்போஷர் கூடினால் மாறும். டெமோவுக்கு எக்ஸ்போஷரைப் பூட்டி வைங்க.

தெற்குவாசல்:
ஸ்விட்ச் பற்றிப் பேசியவர், பவுண்டரி கிளாக் (பி.டி.பி. நேரத்தைத் தானே வாங்கி மற்றவற்றுக்குக் கொடுக்கும் வசதி) உள்ள ஸ்விட்ச் என்ன விலை என்று பார்த்தாரா?