மரத்தின் 'கிரெயின்': சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பயிற்றுநர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மரச்செதுக்குக் கழகத்தில் வரும் சனிக்கிழமை புதியவர்களுக்கு முதல் வகுப்பு. முதலில் மரக்கரண்டி, அடுத்து ஒரு சிறு பறவை, அப்புறம் புடைப்புச் சிற்பப் பலகை. கையேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'கிரெயின்' (grain, மரத்துக்குள் நார் ஓடும் போக்கு) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் 11 இடங்களில் அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.

போன முறை ஒருவர் கரண்டிக் குழியின் அடியிலிருந்து விளிம்பை நோக்கிக் கத்தியைத் தள்ளினார். சீவல் வரவில்லை. கத்தி நாருக்கு அடியில் புகுந்து, விளிம்பை ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. "கிரெயினுக்கு எதிராகப் போகாதீர்கள்" என்றேன். "கிரெயின்னா இந்தக் கோடுங்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் உழைத்த கரண்டி அது. சரியான சொல்லை முன்பே கொடுத்திருந்தால் தப்பியிருக்கும்.

'இழை' என்று போட்டுப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே 'இழைப்புளியால் இழைக்கவும்' என்று வருகிறது. குழம்பிப்போவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
'ரேகை' என்றே போடுங்கள். தேக்கு ரேகை என்றால் யாருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர்:
ரேகை வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது பலகையின் முகத்தில் தெரியும் கோலம். ஐயா கேட்பது மரத்துக்குள் நார் ஓடும் போக்கு. இரண்டும் ஒன்றல்ல.

'காழ்' இருக்கிறதே! அகக்காழ் உடையது மரம், புறக்காழ் உடையது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அங்கே காழ் என்றால் வயிரம், அதாவது கெட்டியான பகுதி. சிலப்பதிகாரத்தில் மாதவி இடையில் அணியும் முத்தணி 'முப்பத்திருகாழ்', அதாவது முப்பத்திரண்டு காழ். அங்கே காழ் என்றால் கோவை, சரடு. மரத்தின் உறுதியும் சரடாக ஓடும் தன்மையும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. 'காழோட்டம்' என்று ஆக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
அழகான சொல்தான் அம்மா. ஆனால் கத்தியைக் கையில் பிடித்திருப்பவர் சிலம்பைப் புரட்ட முடியாது. காழ் என்றால் வயிரம் என்று படித்தவர், காழோட்டத்தை வயிரப்பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தச்சு வேலை செய்பவர்:
நான் அதிகம் எழுதுவதில்லை. பட்டறையில் எனக்குச் சொல்லித்தந்தவர் "வாட்டம் பார்த்துச் சீவு" என்பார். தரைக்கு நீர்வாட்டம் விடுகிறோம், கைக்கு வாட்டமாகப் பிடிக்கிறோம். அதே வாட்டம்தான். குழியை இரண்டு விளிம்பிலிருந்தும் நடுவை நோக்கி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கரண்டியின் முதுகிலும் தடித்த இடத்திலிருந்து மெலிந்த முனைக்குத்தான் போக வேண்டும். 'நார்வாட்டம்' என்று சொன்னால் போதும். மாறிப்போனால் 'எதிர்வாட்டம்'.

தமிழாசிரியர்:
வாட்டம் என்றதும் வாடுவதுதானே முதலில் நினைவுக்கு வரும்? மரமும் வாடும் பொருளாயிற்றே. ஏன் அவசரப்பட வேண்டும்? புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவை சொல்லும் தச்சன் ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடியவன். அவன் ஒரே ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். ஒரு சொல்லுக்கும் அந்தப் பொறுமை தகும்.

பயிற்றுநர்:
தகும் அம்மா. எனக்குச் சனிக்கிழமை வரைதான் இருக்கிறது.

மரவியல் படித்தவர்:
ஒன்றைக் கவனியுங்கள். 'வாட்டம்' திசையைச் சொல்கிறது, அமைப்பைச் சொல்லவில்லை. வேம்பில் நார் ஓர் அடுக்கில் ஒரு பக்கம் சாயும், அடுத்த அடுக்கில் மறுபக்கம் சாயும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஓரிடத்தில் பிய்க்கும். அதற்கு 'பின்னிய நார்வாட்டம்' என்றா எழுதுவது? அமைப்புக்கு 'நாரோட்டம்', சீவும் திசைக்கு 'வாட்டம்' என்று இரண்டாக வைத்துக்கொள்வோம். சுருக்கத்தை விளக்கவும் இது உதவும். மரம் காயும்போது நாரோட்டத்துக்குக் குறுக்கேதான் பெரும்பாலும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு.

மொழிபெயர்ப்பாளர்:
நீளவாக்கு, குறுக்குவாக்கு என்று நாம் தினமும் சொல்கிறோமே, 'நார்வாக்கு' கூடாதா?

தச்சு வேலை செய்பவர்:
வாக்கு என்றால் நீளமா அகலமா என்பது மட்டும்தான் தெரியும். கரண்டி பிளந்தது நீளவாக்கில் சீவியபோதுதான். எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்பதை வாட்டம்தான் சொல்லும்.

பயிற்றுநர்:
சரி, இதோடு அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐந்து பேரில் நான்கு பேர் நாரோட்டம், வாட்டம் என்ற இணைக்கு இசைந்துவிட்டோம். 11 இடங்களில் 7 வாட்டம், 4 நாரோட்டம். ரேகையும் இருக்கட்டும், முகத்தில் தெரியும் கோலத்துக்கு மட்டும்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். காழை நான் விடவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: கணுவைச் சுற்றி நார் சுழன்று போகும் இடத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே எது வாட்டம்?

தச்சு வேலை செய்பவர்:
அங்கே கத்தியைத் தீட்டிக்கொண்டு, மெல்லிசாக, நாருக்குக் குறுக்கே போக வேண்டும் அம்மா. அதற்கு என்னிடம் சொல் இல்லை.